ஒட்டகமும் சார்ஜரும்

சட்டமன்றத் தேர்தலில் நிற்க 250 ரூபாய் கட்டினால் போதும் என்றிருந்த காலத்தில் எங்கள் ஊருக்கு ஒரு சுயேச்சை வாய்த்தார். பக்கத்து ஊர்களுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை; அந்தப் பொறாமை அவர்களுக்கு வெகுநாள் இருந்தது. மனிதர் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டுவது, ரிம் கோட்டம் எடுப்பது, மணிக்கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் விடுவது எல்லாம் அவரே. 1989 ஜனவரித் தேர்தல் அது. எம்.ஜி.ஆர். இறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. இரட்டை இலையை முடக்கிவிட்டு ஜெயலலிதா அணிக்குச் சேவலும் ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் கொடுத்திருந்தார்கள். சேவலும் புறாவும் வீடு வீடாக வந்து ஓட்டுக் கேட்கிற தேர்தலில், எங்கள் சைக்கிள் கடைக்காரருக்கு ஒட்டகம் கிடைத்ததை யாரும் விசித்திரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊர் ஈரோடு மாவட்டத்தில், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. தொகுதியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இந்தக் கட்டுரையை யார் சொல்லி எழுதினேன் என்று கண்டுபிடிக்க இப்போதே நான்கு பேர் கிளம்பிவிடுவார்கள். பவானிசாகரில் இருந்து 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கருக்குத் தண்ணீர் தரும் வாய்க்கால் அது. தண்ணீர் ஒரே சமயத்தில் எல்லாருக்கும் காணாது என்பதால், ஒற்றைப்படை மதகுக்கு ஒரு முறை, இரட்டைப்படை மதகுக்கு அடுத்த முறை என்று முறை வைத்து விடுவார்கள். முறை வந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வது தனிக்கதை. சைக்கிள் கடைக்காரருக்கு ஒரு ஏக்கர் நிலம்கூடக் கிடையாது. ஆனாலும் அவருடைய ஒரே வாக்குறுதி கடைமடைத் தண்ணீர்தான். பஞ்சர் ஒட்ட வருகிறவர்களெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் அவருக்கும் அது தொற்றியிருக்க வேண்டும்.

டீக்கடையில் அப்போது இரண்டு பெஞ்ச். ஒன்றில் தி.மு.க.காரர்கள், எதிரே அ.தி.மு.க.காரர்கள். அந்த வருடம் எதிர் பெஞ்சே இரண்டாகப் பிளந்து சேவல் ஒரு முனையிலும் புறா மறு முனையிலும் உட்கார்ந்திருந்தன. இவர் நடுவில் நின்றுகொண்டே டீ குடிப்பார்.

"ஏனுங்ண்ணா, ஒட்டகம் எப்படிப் போகுதுங்க?"

"அதுக்கென்னங்க, தண்ணியில்லாமயே போகும். அதனாலதான் இந்த வாய்க்காலுக்கு அதைக் கேட்டு வாங்கினேன்."

இரண்டு பெஞ்சும் சிரிக்கும். டீக்குக் காசு யாராவது கொடுத்துவிடுவார்கள். யார் கொடுத்தார்கள் என்பதை வைத்து அவர் யாருடைய ஆள் என்று எவரும் கணக்குப் போடவில்லை. ஒட்டகம் என்பதும் இப்போது பழங்கதை. சின்னத்துக்காக விலங்குகளை ஊர்வலத்தில் இழுத்து வந்து வதைக்கிறார்கள் என்று தேர்தல் ஆணையம் புதிதாக விலங்குச் சின்னங்கள் ஒதுக்குவதையே நிறுத்திவிட்டது.

அவருடைய பிரசாரம் முழுக்கக் கைவேலை. ஈரோட்டுப் பிரஸ் ஒன்றில் அடித்த பிட் நோட்டீஸ், வாடகைச் சைக்கிளின் கேரியரில் கட்டிய ஒற்றைக் குழாய் ஒலிபெருக்கி, சுண்ணாம்பும் நீலமும் கலந்து தன் கடைக் கதவில் தானே வரைந்த ஒட்டகம். ஊர்ச் சுவரெல்லாம் பெரிய கட்சிகள் முன்கூட்டியே எழுதி ரிசர்வ் செய்திருந்தன. அந்த ஒட்டகத்துக்குக் கழுத்து நீளம் போதவில்லை, பார்க்க எருமை மாதிரி இருந்தது. அதற்கும் ஒரு வாரம் சிரித்தோம்.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின இரவு அவர் கடைக்கு இரண்டு கட்சிக்காரர்கள் தனித்தனியாக வந்தார்கள். சுயேச்சைக்கும் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஏஜெண்ட் வைக்கும் உரிமை உண்டு. வைக்க அவருக்கு ஆள் இல்லை. அந்தப் படிவங்களில் கையெழுத்து வாங்கித் தங்கள் ஆட்களை உட்கார வைத்துக்கொண்டால், உள்ளே ஒரு ஆளுக்கு இரண்டு ஆள். இந்த வியாபாரம் இன்றும் பல தொகுதிகளில் நடக்கிறது. பல சுயேச்சைகள் வேட்புமனு போடுவதே இதற்காகவும் வாகன அனுமதிச் சீட்டுக்காகவும்தான். எங்கள் ஆள் என்ன செய்தார் என்றால், ஒரு பூத் உங்களுக்கு, அடுத்த பூத் அவங்களுக்கு என்று வாய்க்கால் முறை போலவே ஒற்றைப்படை, இரட்டைப்படையாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். காசு வாங்கினாரா என்பது தெரியாது. வாங்கியிருந்தால் இரு பக்கமும் சமமாகத்தான் வாங்கியிருப்பார்.

அவருக்கு விழுந்தது மூன்று இலக்கத்தை ஒட்டிய ஓட்டு. கட்டுத்தொகை போயிற்று, செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவருக்கு அது திரும்பாது. ஆனால் அதற்குப் பிறகு ஊரில் யாரைக் கேட்டாலும், "அதுல ஒண்ணு என்னுதுங்க" என்றார்கள். விழுந்த ஓட்டைவிடப் போட்டேன் என்றவர்கள் அதிகமானார்கள்.

இதையெல்லாம் சொல்வதால் அந்தக் காலம் சமாதானப் பூங்கா என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1972இல் எம்.ஜி.ஆர். பிரிந்தபோது அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திய வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. வேட்டிக் கரையைப் பார்த்துப் பந்தியில் இடம் மாறி உட்கார்ந்தவர்கள் உண்டு. அந்த 1989ஆம் ஆண்டே மார்ச் 25இல் சட்டமன்றத்துக்குள் நடந்த அமளியை நாடு பார்த்தது. எங்கள் சுயேச்சைக்கு விழுந்த ஓட்டுகளில் எத்தனை ஒட்டகத்துக்கு, எத்தனை அவருடைய சாதிக்கு என்று டீக்கடை அன்றே பிரித்துப் பார்த்தது. ஆனால் சண்டைக்கு ஒரு நேரம் இருந்தது. காலையில் பேப்பர் வந்ததும் ஆரம்பித்து, தறிக்கும் தோட்டத்துக்கும் போகிற நேரத்தில் நின்றுவிடும். சாயங்காலம் மிச்சம் மீதி. இரவில் எல்லாரும் தூங்கினார்கள். சண்டை போட்டவன் சைக்கிளும் பஞ்சரானதால், மறுநாள் நடுவில் நின்றவர் கடைக்கே அவன் வர வேண்டியிருந்தது.

1996இல் எங்கள் மாவட்டம் உலகப் புகழ் பெற்றது. மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் கோரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை என்று கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். கடைசியில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது, தேர்தலைத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். வேட்பாளர்களில் 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. அதாவது அவர்கள் தங்களுக்கே போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் அவர்களைப் பார்த்துச் சிரித்ததாக நினைவில்லை. அவர்கள் ஜெயிக்க நிற்கவில்லை, மனுவை நீட்டுவதற்கு நின்றார்கள் என்று பால் சொசைட்டியில் அளவு பார்க்கிறவர் வரைக்கும் தெரிந்திருந்தது. அரசாங்கத்துக்கும் தெரிந்தது. கோரிக்கையைப் பார்த்தார்களோ இல்லையோ, கட்டுத்தொகையைப் பார்த்தார்கள். சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்தது அதே ஆண்டு 5,000 ஆயிற்று, 2010இல் 10,000. முன்பு சுயேச்சையை முன்மொழிய ஒரு வாக்காளர் போதும். இப்போது பத்துப் பேர் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரருக்கு மட்டும் இன்றும் ஒருவர் போதும். வாக்குப்பதிவுக்கு முன் வேட்பாளர் இறந்துபோனால் தேர்தல் தள்ளிப்போகும் என்ற சலுகைகூட இப்போது கட்சி வேட்பாளருக்குத்தான். சுயேச்சை செத்தாலும் தேர்தல் நிற்காது. உயிரோடு இருக்கும்போதே யாரும் நின்று பார்க்காதவருக்கு, செத்த பிறகு நிற்பானேன் என்று சட்டம் போட்டவர்கள் நினைத்திருக்கலாம்.

இனி நம் காலம்.

2021 ஏப்ரல் தேர்தலில் எங்கள் ஊருக்கு இரண்டாவது சுயேச்சை வாய்த்தார். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி. சைக்கிள் கடைக்காரருக்கு இல்லாத வசதியெல்லாம் அவருக்கு இருந்தது. ஒரு செல்போன் இருந்தது என்று சுருக்கமாகச் சொல்லலாம். குழாய் ஒலிபெருக்கி வேண்டாம், பிட் நோட்டீஸ் வேண்டாம், சுவர் ரிசர்வ் ஆகிவிட்டதே என்ற கவலை வேண்டாம். நினைத்த நேரத்தில் தொகுதி முழுக்கக் குரல் போகும், அதுவும் இலவசமாக. பணமில்லாதவனுக்கும் பணமுள்ளவனுக்கும் இனி ஒரே மேடை என்று நாங்கள் எல்லாருமே நம்பினோம். சின்னமும் பொருத்தமாக அமைந்தது: போன் சார்ஜர்.

அவர் கையில் எடுத்ததும் அதே வாய்க்கால். 700 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டத்துக்கு அந்தப் பிப்ரவரியில்தான் கோவையில் பிரதமர் அடிக்கல் நாட்டியிருந்தார். ஊர் இரண்டாகிவிட்டது. கான்கிரீட் போட்டால்தான் கடைமடைக்குத் தண்ணீர் வரும் என்பது ஒரு பக்கம். போட்டால் கசிவுநீர் நின்று கிணறெல்லாம் வற்றும், கரை மரங்கள் போகும் என்பது மறு பக்கம். இரண்டு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. இரண்டு பக்கத்திலும் என் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். தம்பி வரைபடம் எல்லாம் வைத்து ஒரு வீடியோ போட்டார். உடைப்பு எடுக்கிற இடத்தில் கட்டுங்கள், கிணறு நம்பியிருக்கிற இடத்தில் மண்கரையையே பலப்படுத்துங்கள், எந்த இடம் எது என்று விவசாயிகளோடு நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள் என்பதுதான் அவர் சொன்னது. சைக்கிள் கடைக்காரர் இவ்வளவு தெளிவாக என்றுமே பேசியதில்லை.

மாலைக்குள் அந்த வீடியோ இரண்டு வீடியோ ஆகிவிட்டது. "கட்டுங்கள்" வரைக்கும் வெட்டியது ஒன்று, "மண்கரையையே பலப்படுத்துங்கள்" என்பதை மட்டும் வெட்டியது இன்னொன்று. முதல் பாதியைப் பார்த்தவர்களுக்கு அவர் சங்கி, இரண்டாம் பாதியைப் பார்த்தவர்களுக்கு இருநூறு ரூபாய் உ.பி. இவை இரண்டுக்கும் பொருந்தாதவரைத் தம்பிகள் கூட்டத்தில் சேர்ப்பது வழக்கம். அதையும் ஒருவர் செய்தார். முழு வீடியோவை மொத்தமாகப் பார்த்தவர்கள் அவருடைய வீட்டுக்காரம்மாவும் நானும்தான் என்று நினைக்கிறேன். நானும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் பார்த்தேன்.

அவர் ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில் அப்போதைய உச்சவரம்பான 256 பேரும் சேர்ந்துவிட்டார்கள். பெருமையாக இருந்தது. பிறகு பார்த்தால் பாதிப்பேர் இவரைக் கண்காணிக்க வந்தவர்கள், மீதிப்பேர் அந்தப் பாதியைத் திட்ட வந்தவர்கள். டீக்கடையின் இரண்டு பெஞ்சையும் தூக்கி வந்து அவர் வீட்டு நடுக்கூடத்தில் போட்ட மாதிரி ஆயிற்று. டீ மட்டும் இல்லை. நடுநிசியில்கூட மணி அடித்துக்கொண்டிருந்தது. ஒருவர் "நீங்க யாரோட பி டீம்னு மட்டும் சொல்லிடுங்க அண்ணா, மத்தது அப்புறம் பேசலாம்" என்று மரியாதையாகக் கேட்டார். அட்மினாக இருந்த தம்பியே ஒருநாள் வெளியேறினார். குழு இன்னும் நடக்கிறது என்று கேள்வி.

அதே தேர்தலில் மதுரை தெற்கில் துலாம் சரவணன் என்ற சுயேச்சை, வீட்டுக்கு ஒரு ஹெலிகாப்டர், கணக்கில் ஒரு கோடி ரூபாய், நிலவுக்குச் சுற்றுலா என்று வாக்குறுதி கொடுத்தார். சின்னம் குப்பைத் தொட்டி. இலவச வாக்குறுதிகளைக் கேலி செய்வதற்காகச் செய்தேன் என்று அவரே சொன்னார். நாடு முழுக்க அவர் பெயர் பரவியது. ஓட்டுக்கு அது ஆகவில்லை. கேலி செய்கிற சுயேச்சைக்குப் பகிர்வு கிடைக்கிறது, நிஜமாகப் பேசுகிற சுயேச்சைக்குப் பட்டம் கிடைக்கிறது. கட்டுத்தொகை இருவருக்கும் கிடைப்பதில்லை.

எங்கள் கணக்கை இன்னும் சிக்கலாக்கிய செய்தி அந்த மே 2ஆம் தேதி மொடக்குறிச்சியில் இருந்து வந்தது. 1996இல் ஆயிரம் பேருக்கு நடுவில் வென்ற அதே சுப்புலட்சுமி ஜெகதீசன், பா.ஜ.க.வின் சரஸ்வதியிடம் 281 ஓட்டில் தோற்றார். அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் சுயேச்சையைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. யார் ஓட்டைப் பிரிக்க வந்தாய் என்றுதான் பார்க்கிறார்கள். 88 பேர் பூஜ்யம் வாங்கியபோது அது விவசாயிகளின் போராட்டம். 281 என்ற எண்ணுக்குப் பிறகு நூறு ஓட்டு வாங்குகிறவரும் சதிகாரர்.

அந்த ஆண்டு அக்டோபரில் நடந்தது இதைவிட வேடிக்கை. கிராம ஊராட்சித் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பது. சட்டப்படி அங்கே நிற்கிற எல்லாருமே சுயேச்சைகள்தான். கோவை குருடம்பாளையத்தில் வார்டு உறுப்பினர் பதவிக்குக் கார் சின்னத்தில் நின்ற ஒருவருக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்தது. அவர் பா.ஜ.க. நிர்வாகி என்று தெரிந்ததும் 'ஒத்த ஓட்டு' என்று நாடே சமூக வலைத்தளத்தில் கும்மியடித்தது. என் குடும்பத்துக்கு அந்த வார்டில் ஓட்டே இல்லை, வேறு வார்டில் இருக்கிறது, நான் கட்சி சார்பில் நிற்கவும் இல்லை என்று அவர் விளக்கம் சொன்னார். விளக்கத்தை யார் பகிர்வார்கள்? அந்த ஒரு ஓட்டைப் போட்டவரைப் பற்றித்தான் எனக்கு யோசனை. தன் குடும்ப ஓட்டே அங்கில்லாத ஒருவரை நம்பி, யாருக்கும் சொல்லாமல், ஒரு மனுஷன் போய்ப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். தேசமே சிரித்தபோது அவன் எந்தக் குழுவில் உட்கார்ந்து சேர்ந்து சிரித்திருப்பான்!

சுயேச்சைகள் வெல்வதே இல்லை என்று சொல்ல முடியாது. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் டி.டி.வி. தினகரன் குக்கர் சின்னத்தில் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார்; தி.மு.க. கட்டுத்தொகையை இழந்தது. 2024இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்று மூன்று லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கி இரண்டாம் இடம் வந்தார். அவரைக் குழப்ப அதே பெயரில் இன்னும் சில பன்னீர்செல்வங்கள் களத்தில் இருந்தார்கள். இவர்களும் சட்டப்படி சுயேச்சைகள். பெரிய வீட்டில் பாகப்பிரிவினைச் சண்டையில் வெளியே வந்தவர்களை ஊர் ஏற்றுக்கொள்கிறது, ஏனென்றால் அவர்கள் யாருடைய ஆள் என்பதில் குழப்பம் இல்லை. ஜெராக்ஸ் கடைத் தம்பியிடம் அந்த வசதி கிடையாது. முன்பு அப்படியில்லாதவர்களும் வந்தார்கள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லலாம். ஆனால் 2001இல் ராதாபுரத்தில் சுயேச்சையாக வென்ற அப்பாவுவும் கட்சியில் வளர்ந்தவர்தான், 2006இல் தளியில் வென்ற ராமச்சந்திரனும் அப்படித்தான். 2011, 2016, 2021 மூன்று பொதுத்தேர்தல்களிலும் தமிழக சட்டமன்றத்துக்கு ஒரு சுயேச்சைகூடத் தேர்வாகவில்லை. அதில் செல்போனைக் குறை சொல்லிப் பயனில்லை. தோற்பது அன்றும் தோல்விதான். தோற்ற பிறகு டீ வாங்கிக் கொடுக்க இரண்டு பெஞ்சிலும் ஆள் இருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

மேட்டூரில் டயர் பஞ்சர் கடை வைத்திருக்கும் பத்மராஜன் 1988 முதல் இருநூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்று தோற்றிருக்கிறார். தேர்தல் மன்னன் என்று பட்டமே கிடைத்துவிட்டது. அவரை யாரும் பி டீம் என்று சொல்வதில்லை. எல்லாரிடமும் தோற்பவர் யாருடைய பி டீமாகவும் இருக்க முடியாது என்று மக்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தம்பியிடம் இந்த வழியை எடுத்துச் சொன்னேன். "அத்தனை பத்தாயிரத்துக்கு எங்கங்ண்ணா போறது?" என்றார்.

2021இல் தம்பிக்கு விழுந்ததும் சைக்கிள் கடைக்காரருக்கு விழுந்த அளவுதான், கொஞ்சம் முன்பின். அவருக்குப் போட்டேன் என்று மட்டும் ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து போட்டவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். சொன்னால் அதற்குப் பிறகு வரும் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சைக்கிள் கடைக்காரர் இப்போது இல்லை. இருந்திருந்தால் அவருடைய எருமை ஒட்டகத்தைப் படம் பிடித்துப் போட்டே அவரை ஒரு வழி செய்திருப்போம்.

தம்பி மறுபடியும் நிற்கப் போகிறாராம். பணம் சேர்த்துவிட்டார். வாக்குறுதி இன்னும் வாய்க்கால்தான், வீடியோ மட்டும் போடப் போவதில்லை என்கிறார். பத்து முன்மொழிவுக் கையெழுத்துதான் பாடு. மளிகைக் கடைக்காரர் நல்ல மனிதர், தம்பியோடு ஒன்றாகப் படித்தவர். "உனக்குன்னா போடுவேன்டா. நாளைக்கு எவனாச்சும் அதைப் போட்டோ புடிச்சு குரூப்புல போட்டுட்டான்னா, அப்புறம் யாவாரம் பண்ண முடியாது" என்றுவிட்டார். ஓட்டு என்றால் ரகசியமாகப் போட்டுவிடுகிறேன் என்று தேற்றியும் அனுப்பினார். ஏழு கையெழுத்து வந்திருக்கிறது, என்னுடையதையும் சேர்த்து. இன்னும் மூன்று வேண்டும். அந்தத் தொகுதியில் ஓட்டுள்ளவர் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள், தொகுதி எது என்று அப்போது சொல்கிறேன். யாருடைய ஆள் என்று மட்டும் கேட்காதீர்கள்.